பேரும் ஊரும் நாளும்

கார்காலத்து முதல் மழை பெய்து ஓய்ந்த இரவில் ஏரிக்கரையில் நின்று செவிசாய்ப்பவருக்கு, எண்ணற்ற குரல்கள் ஒருங்கே எழுந்து ஒலிப்பது புலனாகும். ஒரு குரல் மரக்கட்டையைத் தட்டினாற்போல விட்டு விட்டு ஒலிக்கும். ஒரு குரல் நெடிதாய் இழுத்து முழங்கும். மற்றொன்று சிள்வண்டின் ஓசையோ என ஐயுறுமாறு மெல்லென ஒலிக்கும். வழிச்செல்வோருள் பெரும்பாலோர், "தவளை கத்துகிறது" என ஒரே தொடரில் கூறிவிட்டு அப்பால் நடப்பர். அக்குரல்கள் யாவும் ஓரினத்துக்கு உரியவை அல்ல. ஒரே நீர்நிலையில் பல இனங்கள் கூடி வாழ்தலும், ஒவ்வொன்றும் தனக்கே உரிய ஒலியால் தன் துணையை அழைத்தலும் இயற்கை. அவ்வினங்கள் யாவை, எங்கெங்கு வாழ்கின்றன, எந்நாளில் காணப்பட்டன என்பவற்றை ஆராய்ந்து எழுதி, நிலப்படத்தில் புள்ளியிட்டுக் காட்டும் பணி ஒன்று உண்டு. அது பொறுமையும் நேர்மையும் வேண்டும் பணி. உயிர்காக்கும் பணியும் ஆகும்.

தமிழ்மக்கள் தம்மைச் சூழ்ந்த சிற்றுயிர்களைக் கூர்ந்து நோக்கியவர் என்பதற்கு அவர்தம் சொற்களே சான்று. தவளை, தேரை, நுணல் என்றும், பல்லி, ஓணான், அரணை, உடும்பு என்றும், சாரை, விரியன், மண்ணுளி என்றும் வேறுவேறு பெயரிட்டு வழங்கியவர், அவற்றின் வேற்றுமையைக் கண்டறிந்த பின்னரே அவ்வாறு வழங்கியிருத்தல் வேண்டும். இக்கால அறிவியலார் இவற்றை இரு பெரும்பிரிவாகப் பகுப்பர். ஈரம் பொருந்திய தோலும் ஓடில்லாத முட்டையும் உடைய தவளை முதலியன நீர்நில வாழ்வன எனப்படும். செதிள் போர்த்த உடலுடைய பாம்பு, பல்லி, ஆமை, முதலை ஆகியன ஊர்வன எனப்படும்.

பறவை ஒரு மலையை விட்டு மறுமலைக்கு எளிதிற் பறந்து செல்லும். தவளைக்கோ பாம்புக்கோ அது கூடுவதன்று. ஈரம் நீங்கின் தவளையின் தோல் உலர்ந்துவிடும். ஆதலின் வெப்பம் மிக்க சமவெளி அதற்குக் கடத்தற்கரிய கடல் போன்றது. மலையுச்சியில் வாழும் சிறு தவளை இனம் ஒன்றுக்கு அம்மலையே உலகம். மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீண்டு கிடப்பினும், அதன்கண் ஒரே ஒரு மலைப்பகுதிக்கு மட்டும் உரிய இனங்கள் பல உள. அங்கு அழியின் அவை எங்கும் இல்லாதனவாகும். எனவே, இவ்வுயிர்களைப் பொறுத்தமட்டில், 'இஃது என்ன?' என்னும் வினாவோடு, 'இஃது எங்கே?' என்னும் வினாவும் ஒப்ப இன்றியமையாதது.

தென்னாட்டில் இப்பணியைத் தொடங்கியவருள் ஒருவர் பாட்ரிக் ரசல் என்னும் மருத்துவர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அவர் விசாகப்பட்டினத்தில் தங்கிச் சோழமண்டலக் கரையின் செடிகொடிகளையும் மீன்களையும் பாம்புகளையும் ஆராய்ந்தார். நஞ்சுடைய பாம்பையும் நஞ்சில்லாப் பாம்பையும் பிரித்தறியும் வழி தெரியாமையால், தீங்கற்ற பாம்பைக் கண்டும் மக்கள் நடுங்கினர். கொடிய பாம்பினிடத்தும் ஏமாந்து உயிரிழந்தனர். இக்குறையைப் போக்கக் கருதிய ரசல், பாம்புகளைத் திரட்டி, அவற்றின் பல்லையும் செதிள்வரிசையையும் ஆராய்ந்து, வண்ண ஓவியங்களுடன் 1796ஆம் ஆண்டில் ஒரு பெருநூல் வெளியிட்டார். பாம்புகளுக்கு அப்பகுதி மக்கள் வழங்கிய பெயர்களையும் அவர் இகழாது எழுதிவைத்தார். கட்டுவிரியன் இனத்துக்கு உலகோர் இன்று வழங்கும் 'பங்காரஸ்' என்னும் அறிவியற் பெயர், பொன் என்னும் பொருள்படும் தெலுங்குச் சொல்லினின்று பிறந்தது. நம் கண்ணாடி விரியன் ஆங்கிலத்தில் ரசலின் பெயராலேயே வழங்கப்படுகிறது.

அடுத்த நூற்றாண்டில் இப்பணி மலைகளை நோக்கிச் சென்றது. சென்னை மாகாணக் காட்டுத்துறையில் பணியாற்றிய பெடோம் என்பார், ஆனைமலை, நீலகிரி முதலிய மலைகளில் அலைந்து எண்ணற்ற உயிர்களைத் திரட்டினார். மண்ணுக்குள் வாழ்வனவும் வால்நுனி கேடயம் போன்று அமைந்தனவுமாகிய சிறு பாம்புகள் பலவற்றை முதன்முதல் உலகுக்கு அறிவித்தவர் அவரே. இலண்டன் நகர அருங்காட்சியகத்தில் இருந்த குந்தர் என்னும் அறிஞர், இந்நாட்டிலிருந்து வந்த உயிர்களை ஆராய்ந்து, 1864ஆம் ஆண்டில் இந்திய ஊர்வன பற்றிய நூலை எழுதினார். பூலஞ்சர் என்பார் 1890ஆம் ஆண்டில் அதனினும் விரிந்த நூல் ஒன்றை இயற்றினார்.

இப்பெரியோர் ஆற்றிய பணி மிகப் பெரிது. ஆயினும் அக்காலத்துப் பதிவுகளில் ஒரு குறை நேர்ந்தது. ஓர் உயிரின் உடலைப் பற்றி அணுவணுவாக எழுதியவர்கள், அது கிடைத்த இடத்தைக் குறிக்கும்போது, 'மலபார்' என்றோ, 'ஆனைமலை' என்றோ ஒரே சொல்லில் முடித்துவிட்டனர். மலபார் என்பது ஓர் ஊரா? ஆனைமலை என்பது ஒரு குன்றா? கடிதத்தின்மீது தெருவும் ஊரும் எழுதாது, நாட்டின் பெயரை மட்டும் எழுதி அஞ்சலில் இட்டால் அக்கடிதம் உரியவரைச் சேருமா? அதுபோன்றே இக்குறிப்புகளைக் கொண்டு பின்வந்தோர் அவ்வுயிர்களைத் தேடிக் காண இயலாது திகைத்தனர்.

இதற்கு ஒரு சான்று காணலாம். 1876ஆம் ஆண்டில் குந்தர் பசிய மேனியுடைய சிறு தவளை ஒன்றை விவரித்து எழுதினார். அது கிடைத்த இடம் 'திருவிதாங்கூர்' என்று மட்டும் குறிக்கப்பட்டது. அக்காலத்துத் திருவிதாங்கூர், மலையும் காடும் கடற்கரையும் அடங்கிய ஒரு தனி நாடு. ஆண்டுகள் பல உருண்டன. அத்தவளையை உயிருடன் கண்டோர் எவரும் இலர். அது மறைந்தொழிந்ததோ என அறிஞர் அஞ்சினர். இந்தியாவில் காணாமற்போன நீர்நில வாழ்வனவற்றைத் தேடும் முயற்சி 2010ஆம் ஆண்டில் தொடங்கியது. அதன் பயனாக, அத்தவளை இன்னும் வாழ்கின்றது என்னும் இனிய செய்தி 2011ஆம் ஆண்டில் வெளிவந்தது. இடையில் கழிந்தவை 130 ஆண்டுகளுக்கும் மேலானவை!

அத்தவளை ஏன் ஒருவர் கண்ணிலும் படவில்லை என்பதற்கு விடை, தமிழ்நாட்டின் தென்கோடியிலுள்ள களக்காடு முண்டந்துறைக் காடுகளில் கிடைத்தது. அங்கு ஓடைக்கரைகளில் அடர்ந்து வளரும் ஈற்றை மூங்கிலின் கணுக்களிடையே உள்ள வெற்றிடமே அதன் இல்லம். மூங்கிலில் சிறு பிளவோ துளையோ இருப்பின், அத்தவளை அதன்வழி உள்ளே நுழைந்து முட்டையிடும். அம்முட்டைகளிலிருந்து தலைப்பிரட்டை தோன்றுவதில்லை. சிறு தவளைகளே நேராக வெளிவரும். ஆண்தவளை முட்டைகளின் அருகே காவல் இருக்கும். மூங்கிலை அளவின்றி வெட்டினால் அதன் வீடும் தொட்டிலும் ஒருங்கே அழியும். இவ்வுண்மை, அது வாழும் இடம் செவ்வையாக அறியப்பட்ட பின்னரே விளங்கிற்று. இடம் தெரியாத உயிரைக் காத்தல் யாங்ஙனம்?

மற்றொரு சான்றும் நினைவில் நிறுத்தத்தக்கது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மண்ணுக்குள் வாழும் தவளை ஒன்று உண்டு. உருண்டு திரண்ட உடல், நாவற்பழ நிறம், பன்றியின் மூக்கை ஒத்த கூரிய மூக்கு, சிறிய கண் என அதன் தோற்றமே விந்தையானது. அது நிலத்தடியில் கறையான்களைத் தின்று ஆண்டின் பெரும்பகுதியைக் கழிக்கும். மழை தொடங்குங்காலத்துச் சில நாள் மட்டுமே இனம்பெருக்க வெளிவரும். அதன் தலைப்பிரட்டைகள் வாயால் பாறையைப் பற்றிக்கொண்டு, விரைந்தோடும் ஓடைநீரில் அடித்துச் செல்லப்படாது வாழும். அத்தலைப்பிரட்டையைப் பற்றி அறிஞர் 1918ஆம் ஆண்டிலேயே எழுதினர். ஆயினும் பிள்ளையைக் கண்டவர் தாயைக் காணவில்லை. 2003ஆம் ஆண்டில்தான் பிஜு, பொசுயூத் என்னும் இருவர், கேரளத்து இடுக்கி மாவட்டத்தில் கிடைத்த வளர்ந்த தவளையை உலகுக்கு அறிவித்தனர். 'நாசிகாபத்ராக்கஸ்' எனப் பெயரிட்டு, சையமலைக்கு உரியது என்னும் பொருள்படும் அடைமொழியும் சேர்த்தனர். இதன் நெருங்கிய உறவினங்கள் இந்தியப் பெருங்கடலின் நடுவே உள்ள சீசெல்சுத் தீவுகளில் வாழ்கின்றன. இந்தியாவும் அத்தீவுகளும் ஒரே நிலமாய் இணைந்திருந்த தொல்பழங்காலத்தின் எச்சம் இத்தவளை.

அறிவுலகம் 2003இல் வியந்து நோக்கிய இவ்வுயிரை மலைவாழ் மக்கள் முன்னரே அறிந்திருந்தனர். அதன் தலைப்பிரட்டைகளை ஓடைகளில் சேர்த்து உணவாகக் கொள்ளும் வழக்கமும் அங்கு இருந்தது. நூலில் இல்லாத அறிவு காட்டில் வாழ்வாரிடம் இருத்தல் கூடும் என்பதும், அவர்களை வினவி அறிதல் பதிவாளரின் முதற்கடமை என்பதும் இதனால் பெறப்படும்.

இனி, இக்காலத்தில் இப்பணி நடைபெறும் முறையைக் காண்போம். ஆராய்வோர் முதலில் ஒரு நிலப்பகுதியின் படத்தைச் சம அளவுள்ள கட்டங்களாகப் பகுத்துக்கொள்வர். பின்னர் ஒவ்வொரு கட்டத்துக்கும் சென்று தேடுவர். தவளைகளை மழைக்கால இரவுகளில் கைவிளக்குடன் ஓடையோரம் மெல்ல நடந்து தேடுதல் வேண்டும். உதிர்ந்த இலைகளின் கீழும், கற்களின் கீழும், மரப்பொந்துகளிலும் நோக்குதல் வேண்டும். புரட்டிய கல்லை முன்பு இருந்தவாறே வைத்தல் வேண்டும். அது பிறிதோர் உயிரின் கூரையன்றோ!

உயிர் ஒன்றைக் கண்டதும், அதன் பெயர், கண்ட இடம், கண்ட நாள் என்னும் மூன்றும் உடனே எழுதப்பெறும். இடத்தைக் குறிக்க அகலாங்கும் நெட்டாங்கும் சில மீட்டர் அளவு துல்லியமாகக் காட்டும் கருவி இன்று உண்டு. கடல்மட்டத்திற்கு மேல் உயரம், பொழுது, மழையின் அளவு, உயிர் இருந்தது இலையின் மேலா, நீரிலா, மண்ணிலா என்னும் விவரங்களும் உடன் சேரும். ஐயத்துக்கு இடமின்றி நிழற்படம் எடுத்துக்கொள்வர். பெயர் உறுதியாகத் தெரியாவிடின், 'தெரியவில்லை' என்றே எழுதுவர். அறியாமையை ஒப்புக்கொண்ட குறிப்பு பின்னாளில் பயன்படும். அறிந்ததுபோல் எழுதிய பொய்க்குறிப்போ படத்தையே கெடுத்துவிடும்.

தவளை தன் வாயால் கெடும் என்பது நாட்டில் வழங்கும் பழமொழி. பாம்பு அதன் குரலைக் கேட்டு வந்து விழுங்கும் என்பது கருத்து. ஆனால் ஆராய்வோர் கையில் அப்பழமொழி தலைகீழாக மாறிவிட்டது. ஒரே நிறமும் ஒரே உருவமும் உடையனவாய்த் தோன்றும் தவளைகளைக் குரலைப் பதிவுசெய்து ஒப்பிட்டு வேறு பிரித்து அறிகின்றனர். 2017ஆம் ஆண்டில் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏழு புதிய இரவுத் தவளை இனங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றுள் நான்கு 18 மில்லிமீட்டருக்கும் குறைந்த நீளமுடையவை. கைவிரல் நகத்தின்மேல் அமரத்தக்கவை. இலைச்சருகில் மறைந்து வாழும் இத்தகைய சிற்றுயிரைக் கண்ணினும் செவியே முற்படக் கண்டுகொள்கிறது. தன் வாயால் கெட்ட தவளை, இங்குத் தன் வாயால் வாழ்கின்றது எனலாம்.

இவ்வாறு சேர்ந்த குறிப்புகள் ஒவ்வொன்றும் படத்தில் ஒரு புள்ளியாகும். புள்ளிகள் பெருகப் பெருக, ஓர் இனத்தின் வாழிட எல்லை மெல்ல மெல்லத் தோன்றும். எனினும் அப்படத்தைப் படிக்கத் தெரிதல் வேண்டும். புள்ளி இல்லாத கட்டத்தில் அவ்வுயிர் இல்லை என்று முடிவு செய்தல் பிழை. அங்கு எவரும் சென்று தேடாதிருந்திருக்கலாம். வறண்ட காலத்தில் சென்று வெறுங்கையுடன் மீண்டிருக்கலாம். சாலையோரங்களில் புள்ளிகள் மிகுந்து தோன்றுவதும், உயிர்கள் சாலையை விரும்புவதாலன்று. மனிதர் எளிதிற் செல்லும் இடம் அதுவாதலால் ஆகும். ஆகவே, தேடியும் கிடைக்கவில்லை என்னும் குறிப்பையும் நல்ல பதிவாளர் நாளும் இடமும் இட்டு எழுதிவைப்பர்.

இத்துணை முயற்சியும் எதற்கு என வினவுவார் உளர். விடை, மக்களின் உயிர் என்பதே. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுதோறும் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என ஓர் ஆராய்ச்சி கணித்துள்ளது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கின் நஞ்சையும் முறிக்கும் மருந்து நம் நாட்டில் செய்யப்படுகிறது. ஆனால் தென்மேற்கு மலைச்சாரல்களில் மூக்குநுனி மேல்நோக்கி எழுந்த குழிவிரியன் ஒன்று வாழ்கிறது. தோட்டங்களில் உழைப்போரை அது தீண்டுவதுண்டு. அதைச் சுருட்டை விரியன் எனத் தவறாகக் கொண்டு, அந்நான்கு பாம்புகளுக்கு உரிய மருந்தையே கொடுத்து வந்தனர். அம்மருந்து இதன் நஞ்சை முறிக்கவில்லை. கேரள மருத்துவர்கள் தீண்டிய பாம்புகளையே ஆராய்ந்து, இவ்வுண்மையை 2007ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டனர். எந்தப் பாம்பு எந்த நிலத்தில் வாழ்கின்றது என்னும் படம் செவ்வையாக இருப்பின், நோயாளி வந்த ஊரைக் கேட்ட அளவிலேயே மருத்துவர் விழிப்படைதல் கூடும். ஒரு புள்ளி தவறாக இடப்படின் ஓர் உயிர் போகலாம். சரியாக இடப்படின் ஓர் உயிர் மீளலாம்.

மேலும், ஒரே பாம்பின் நஞ்சு இடத்துக்கு இடம் தன்மையில் வேறுபடும். மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. முன்பு தோலுக்காகப் பாம்பைக் கொன்ற அம்மக்கள், சட்டம் அதனைத் தடுத்தபின், பாம்பைக் கொல்லாது நஞ்சை மட்டும் எடுத்து, அதனைக் காட்டில் விடும் தொழிலை மேற்கொண்டனர். நாட்டில் மருந்து செய்யப் பயன்பட்ட நஞ்சில் பெரும்பகுதி இவர்கள் தந்ததே. ஆயினும் வட தமிழ்நாட்டு விரியனின் நஞ்சைக் கொண்டு செய்த மருந்து, தொலைவிலுள்ள நிலங்களின் விரியன் நஞ்சுக்கு எதிரே சில வேளைகளில் வலிமை குன்றுகிறது. இதனை ஆராயவும் நிலப்படமே துணை. மணலில் பதிந்த தடத்தைக் கண்ட அளவில் சென்றது இன்ன பாம்பு என்று கூறவல்ல இருளர்களின் அறிவை உலகம் இன்று போற்றுகிறது. 2023ஆம் ஆண்டில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருளர் இருவருக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது.

உலக அளவில் நோக்கினும் இப்பணியின் விரைவு விளங்கும். 2023ஆம் ஆண்டில் வெளிவந்த மதிப்பீட்டின்படி, நீர்நில வாழ்வனவற்றுள் நூற்றுக்கு 41 இனங்கள் அழிவின் விளிம்பை நோக்கிச் செல்கின்றன. ஊர்வனவற்றுள் இது நூற்றுக்கு 21 என 2022ஆம் ஆண்டில் கணிக்கப்பட்டது. காடு குறைதலும், நீர்நிலை கெடுதலும், தோலைப் பற்றும் ஒருவகைக் காளான் நோயும், தட்பவெப்ப மாறுதலும் இதற்குக் காரணங்கள். இவ்வினங்களுட் சில, பெயர் பெறுமுன்னரே மறைந்துவிடும் என்பதே அறிஞரின் கவலை.

இத்தகைய பணிக்குத் தம் உயிரையே ஈந்தவர் ஒருவர் வரலாற்றோடு இப்பாடத்தை நிறைவு செய்தல் பொருந்தும். கோயம்புத்தூர் அருகே ஆனைகட்டியில் அமைந்த சலீம் அலி ஆராய்ச்சி நிலையத்தில் சுப்பிரமணியம் பூபதி என்னும் அறிஞர் பணியாற்றினார். ஆமை, பாம்பு, தவளை ஆகியவற்றை ஆராய்வதில் வாழ்நாளைச் செலவிட்ட அவர், 2014ஆம் ஆண்டில் அகத்திய மலைப்பகுதியில் களப்பணியின்போது நேர்ந்த விபத்தினால் உயிர்நீத்தார். மூன்று ஆண்டுகள் கழிந்தன. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், திருவில்லிபுத்தூர்க் காட்டில் வாழும் மூக்குத் தவளை, இடுக்கித் தவளையினின்று வேறான தனி இனம் என 2017ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அதற்கு அறிஞர் இட்ட பெயர் 'நாசிகாபத்ராக்கஸ் பூபதி' என்பது. கல்லில் பொறித்த பெயர் மழையில் தேயும். அத்தவளையினம் உள்ளளவும், ஒவ்வொரு மழைக்கும் மண்ணைப் பிளந்து வெளிவரும் உயிரோடு அவர் பெயரும் வெளிவரும்.

மாணவர் இப்பணியில் பங்குகொள்ளல் அரிதன்று. பாம்பைத் தொடுதலும் துரத்துதலும் வேண்டா; அது பயின்றார்க்கே உரியது. பாம்பு தீண்டினால் மந்திரமும் கட்டும் நாடாது உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். ஆயினும் பள்ளிக் கிணற்றடியில் பாடும் தவளையையும், வேலியில் வெயில் காயும் ஓணானையும் தொலைவில் நின்று நோக்க எவர் தடுப்பார்? ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் போதும். கண்டதன் பெயர், கண்ட ஊர், கண்ட நாள் என்னும் மூன்றையும் மெய்யாக எழுதுக. பெயர் தெரியாவிடின் அந்த இடத்தை வெற்றிடமாகவே விடுக. அவ்வெற்றிடத்தைப் பின்னொருநாள் அறிஞர் ஒருவர் நிரப்புவார். அன்றி, அவ்வறிஞராக அம்மாணவரே வளர்தலும் கூடும்.